அறுபத்தோராவது அடுக்கு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

என் ஓவியத்தில் வந்திருக்கும் விரிசலின் நீளம் நாற்பத்தொரு சென்டிமீட்டர். இன்று காலை ஓவியம் பழுதுபார்ப்பவர் வந்து அளந்து சொன்னது. பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன்.

"மேல விழுந்த விரிசல் இல்லம்மா இது, அடியிலேர்ந்து ஏறி வருது" என்றார். ஓரத்தில் ஊசியளவு வெட்டியெடுத்து, பூதக்கண்ணாடி வைத்து அடியிலிருந்து எண்ணினார். அறுபத்தோராவது அடுக்கில் நின்றார். என் நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே "தம்பி அனுப்பிய சாம்பல் பச்சைப் பொடி" என்று இருக்கிறது. நிலத்தில் துளையிடும் உன் வேலையிடத்திலிருந்து நீ அனுப்பிய பாறைப் பொடிகளில் எனக்கு மிகப் பிடித்த நிறம்.

பொடியைப் பசைத் தண்ணீரில் கரைத்து ஒரு அடுக்கு ஊற்றினால் ஒன்பது நாள் காய வேண்டும். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு அடுக்கு. ஐந்தரை ஆண்டாகத் தரையில் படுத்திருக்கிறது. அதில் மனிதர் இல்லை, மரம் இல்லை. படிந்து படிந்து உயர்ந்த கோடுகள்தான். "என்னக்கா, சுவத்துக்குப் பூசுன மாதிரி இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரி இன்னமும் கேலி செய்கிறாள். இந்த மாதம் புதிய நூலகத்தின் வாசிப்பறைக்குப் போக வேண்டியது.

அது என்ன பாறை என்று எழுது. போனில் கேட்டால் "அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். வீட்டுப் பக்கம் வந்து நாலு வருடமாகப் போகிறது. என் மூட்டுவலி அப்படியேதான். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அது பாறையே இல்லை. துளையின் சுவர் சரியாமலிருக்க நாங்கள் கரைத்து ஊற்றும் களிமண். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே நீ ஊற்றிய ஒவ்வொரு முறையும் அது உப்பிச் சுருங்கியிருக்கும். கொட்டகையில் இரண்டு டின்கள் அடுத்தடுத்து இருந்தன. பார்க்காமல் அள்ளி அனுப்பிவிட்டேன்.

இது இப்போது தெரிந்ததல்ல. அனுப்பி மூன்று மாதம் கழித்து எங்கள் மேஸ்திரி, "என்ன சார், குழியில ஊத்துற மண்ணையா அக்காவுக்கு அனுப்புனீங்க?" என்று சிரித்தபோதே தெரியும். அன்றே உனக்குப் போன் செய்தேன். "எழுபத்தொண்ணு முடிச்சிட்டேன்டா!" என்று நீ முந்திக்கொண்டாய். அதற்கு மேல் பத்து அடுக்கு, தொண்ணூறு நாள் வேலை. அடுத்த முறை சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த முறை எண்பத்துநாலு. அப்புறம் நூறு.

உன் வீட்டுக்கு வந்தால் அது நடு அறையில் படுத்திருக்கும். அதனால்தான் வரவில்லை.

தவறு என்னுடையது என்று நூலகத்துக்கு நானே எழுதிவிடுகிறேன்.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

நூலகத்துக்கு நீ எழுத வேண்டாம். களிமண் என்று நானே எழுதிவிட்டேன். யார் அனுப்பியது என்று அவர்கள் கேட்கவில்லை.

பத்து அடுக்கில் சொல்லியிருந்தால் சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றியிருப்பேன். உன்னைக் கண்டபடி திட்டி, ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும். இப்போது சுரண்டினால் நூற்றைம்பத்திரண்டு அடுக்கு போகும். கிட்டத்தட்ட நாலு ஆண்டு வேலை. அதற்கு என்னிடம் முழங்கால் இல்லை.

நீ வராததற்கு உன் மனைவிதான் காரணம் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருக்கிறேன். விரிசலைவிட அதுதான் எனக்கு எரிகிறது.

சுரண்டப் போவதில்லை. பழுதுபார்ப்பவர் விரிசலுக்குள் பசை ஏற்றியிருக்கிறார். இனி வளருமா என்று கேட்டேன், தெரியாது என்றார். இப்படியே வாங்கிக்கொள்வதா என்று நூலகக் குழு பத்தொன்பதாம் தேதி கூடி முடிவு செய்யும். வேண்டாம் என்றுவிட்டால் மாடி அறைக்கு ஏற்றிவிடுவேன்.

எதுவானாலும் இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைத் தரையிலிருந்து தூக்கியாக வேண்டும். தூக்க நாலு பேர் தேவை. லோடு ஆட்கள் இரண்டு பேர், பழுதுபார்ப்பவர் ஒருவர். நாலாவது ஆள் யார் என்பது இன்னும் உறுதியாகவில்லை.

அக்கா