பின்பாட்டுக்காரியின் எசப்பாட்டு

மார்ச் 6, 1973, செவ்வாய். ஜாக்ஸன், மிசிசிப்பி

காலையில் மிஸ் ஒடெஸாவின் அழகு நிலையத்தில் முதல் தலைக்காக, சுருட்டை முடியை நேராக்கும் இரும்புச் சீப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோவில் கிளியோத்தா. என் புருஷன். டிசம்பரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹேட்டிஸ்பர்க்காரி ஒருத்தி வீட்டுக்குப் போனவன், ஆனால் சட்டப்படி இன்னும் புருஷன்தான். புதுப் பாட்டு. பெயர் ‘அணைஞ்ச அடுப்பு’. வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வருகிறானாம். அடுப்பு அணைந்து கிடக்கிறதாம். பெண்டாட்டி சிவப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆடப் போய்விட்டாளாம். களைத்து வந்தானாம் – எந்த வேலையிலிருந்து?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பெண் குரல் “நிஜம்... நிஜந்தான்” என்று குழைகிறது. அந்தக் குரல் என்னுடையது.

நவம்பரில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியது. பாட்டு வரிகள் இன்னும் எழுதவில்லை, பின்பாட்டை மட்டும் முதலில் பாடி வைத்துவிடு என்றான். இசைத்தட்டு போடுகிற ஹோசியா கேய்ன்ஸ் கையசைத்தபோதெல்லாம் “நிஜம்” என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. பின்பாட்டுக்காரி என்றைக்கு அதைக் கேட்டாள்? இப்போது மிசிசிப்பி முழுக்க என் வாயாலேயே எனக்கு எதிராகச் சாட்சி.

“வெர்னெல், என் காது கருகுது” என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

மார்ச் 8

கறிக்கடைக்காரன் கேட்கிறான்: “பன்றிக்கறி எதுக்கும்மா, பச்சையாவே திங்கவா?” கறியை வாங்காமலே வந்துவிட்டேன். நானா இப்படித் திரும்பி வந்தேன்?

மார்ச் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சிஸ்டர் மேட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். போதகரின் மனைவி. முகமெல்லாம் பரிவு.

“அடுப்பு பத்த வச்சியாம்மா?”

“உங்க வீட்டு ரேடியோவிலயும் இந்தப் பாட்டெல்லாம் ஓடுதா சிஸ்டர்? கர்த்தருக்குத் தெரியுமா?” என்றேன்.

இதைச் சொல்லிவிட்டு நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 13

ஹோசியா நேரே கடைக்கே வந்துவிட்டார். பெண்கள் தலையில் எண்ணெயும் துண்டுமாக உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் ஆண்பிள்ளை வந்தால் என்ன ஆகும்? மிஸ் ஒடெஸா விளக்குமாற்றையே எடுத்துவிட்டாள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“வெர்னெல், எசப்பாட்டு பாடறியா?”

நம் பக்கத்தில் இது வழக்கம்தான். ஒருவன் பெண்டாட்டியைத் திட்டிப் பாடி அது ஓடினால், அதே மெட்டில் ஒருத்தி திருப்பிக் கொடுப்பாள். ஆனால் கேட்டது என்னையா?

“அதே டேப்புதான். அவன் குரல் தனித் தடத்துல இருக்கு. அதை எடுத்துட்டு அந்த இடத்துல நீ. ஈஸ்டருக்குள்ள வரணும், ஆறிப்போனா எவன் கேப்பான்?”

“நான் முன்னாடி நின்னு பாடினதே இல்லையே ஹோசியா.”

“அதனாலதான் கேக்கறேன். வேற எவளாவது பாடினா அது பாட்டு. நீ பாடினா அது பதில்.”

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இது நல்லா வரலைன்னா அடுத்த தடவை உன்னை முன்னாடி நிறுத்த என்னால முடியாது. அதையும் சொல்லிடறேன்.”

சரி என்றுவிட்டேன். பயமில்லை. இல்லை, பயமும்தான். ஆனால் அதைவிடப் பெரியதாக ஒன்று உள்ளே குதிக்கிறது. முப்பத்தி நாலு வயசு வரைக்கும் அடுத்தவன் வரிக்குப் பின்னால் ‘ஊ’ போட்டவள். எனக்கு ஒரு பாட்டு!

மார்ச் 15

எழுதிவிட்டேன். அவன் குறட்டை, பொய்ப்பல், ஹேட்டிஸ்பர்க்காரி, வேலை தேடுகிறேன் என்று போய்ச் சீட்டாடியது – ஒன்றையும் விடவில்லை. அடுப்பு அணைந்ததே இல்லை, அவன் சொன்னது அத்தனையும் பொய் என்று முடித்தேன். கடையில் படித்துக் காட்டினேன். பெண்கள் கைதட்டினார்கள். மிஸ் ஒடெஸா மட்டும் தட்டவில்லை.

“என்ன மிஸ் ஒடெஸா?”

“கோர்ட்டுல போய்ப் படி, நல்லா இருக்கும். இதுக்கு எவ எழுந்து ஆடுவா?”

பொறாமை. வேறென்ன?

மார்ச் 17, சனி

பொறாமை இல்லை. அவள் சொன்னதுதான் சரி.

கூடத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நடு மைக் முன்னால் நின்றேன். டிரம் விழுந்தது, ஆர்கன் எழுந்தது, மயிர்க்கூச்செறிந்தது. “அத்தனையும் பொய்” என்று உயிரைக் கொடுத்துப் பாடுகிறேன், பின்னால் என் நவம்பர்க் குரல் “நிஜம்... நிஜந்தான்” என்கிறது. “என் அடுப்பு அணைஞ்சதே இல்லை” – “நிஜம்.” “அவன்தான் ஊர்சுத்தி” – “நிஜம்.” நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள் அந்த முட்டாள். வேடிக்கை பார்க்க வந்திருந்த கிடார்க்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

“பின்பாட்டை அழிச்சிடலாம்” என்றார் ஹோசியா.

“அழிக்காதீங்க.”

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன். முகம் சுளித்தார். கொடுத்தார்.

மார்ச் 18

சமைக்கலாம் என்று அடுப்படிக்குப் போனேன். அடுப்பு சில்லென்று கிடந்தது. சிரிப்பு வந்துவிட்டது. நிஜம்தானே? போன வருஷமும் இப்படித்தான் கிடந்தது. அவன் வர மாட்டான் என்று தெரிந்த சனிக்கிழமைகளில் நான் சமைக்கவில்லை. சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போய்ப் பின்பாட்டுப் பாடினேன். ஆடவும் ஆடினேன். பிடித்திருந்தது. அதை ஏன் நான் இல்லை என்று சொல்ல வேண்டும்? அவன் கேட்டால் நான் வெட்கப்படணுமா? எதுக்குடா வெட்கப்படணும்?

பென்சில் எங்கே?

மார்ச் 20

எழுத முடியவில்லை, கை அவ்வளவு வேகமாக ஓடுகிறது, நானோ அதற்கும் முன்னால் ஓடுகிறேன்.

ஒரே தடவைதான் பாடினேன். ஒரே தடவை!

*ஆமா, அடுப்பு அணைஞ்சுதான் கிடந்தது,*
*ஆமா, சிவப்புச் செருப்பு போட்டுத்தான் போனேன்,*
*வராத வாய்க்கு யாருடா ஆக்கி வைப்பா?*
*எனக்குப் பசிச்சுது, நான் போனேன்.*

பின்னால் அவள் – நான்தான் – “நிஜம்... நிஜந்தான்.” முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது சரணத்தில் என்னை மீறி ஒரு கூவல் வந்தது. அந்தக் குரல் எனக்குள் எங்கே இருந்தது? சின்ன வயசில் சர்ச்சில் அம்மா பக்கத்தில் நின்று பாடியதிலிருந்து அதை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. முடிந்ததும், கேட்க வந்திருந்த டிரம்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “நான் எம் பொண்டாட்டிக்குப் போன் பண்ணிட்டு வரேன்” என்று எழுந்து போனார்.

ஹோசியா கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கேட்டார்: “இன்னொரு தடவை பாடறியா?”

“மாட்டேன்” என்றேன். பின்பாட்டுக்காரி ஒருநாளும் சொல்லாத சொல்.

ஏப்ரல் 7, சனி

ரேடியோக்காரன் அவனுடையதையும் என்னுடையதையும் அடுத்தடுத்துப் போட்டான். கடையில் உலர்த்தும் இயந்திரத்தை எல்லாம் அணைக்கச் சொன்னாள் மிஸ் ஒடெஸா. “எனக்குப் பசிச்சுது” வந்ததும், தலை பாதி நேராகி, மறுபாதி புதராக நின்ற ஒருத்தி நாற்காலியை விட்டு எழுந்து ஆடினாள். மற்றவர்கள் என் பின்பாட்டைப் பாடினார்கள். மிஸ் ஒடெஸா என்னைப் பார்க்கவேயில்லை. துண்டு மடித்துக்கொண்டே சொன்னாள்: “இப்ப ஆடறாளுங்க.”

ஏப்ரல் 22, ஈஸ்டர்

சிஸ்டர் மேட்டி சர்ச் வாசலில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துவிட்டு, “மூணாவது சரணம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மே 26, சனி

மெரிடியனில் நிகழ்ச்சி. இரண்டு பேரையும் ஒரே மேடையில் போட்டால் கூட்டம் பிய்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு. மேடைக்குப் பின்னால் கிளியோத்தா. பழுப்பு நிற சூட்டு, புது மோதிரம். நேருக்கு நேர் பார்த்தது டிசம்பருக்குப் பிறகு இன்றுதான். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

“நல்லா பாடியிருக்கே” என்றான் தரையைப் பார்த்து.

“தெரியும்.”

“முதல்ல நான் போறேன்.”

“பெரிய பேர் கடைசிலதானே வரணும்?”

“உனக்கப்புறம் போய் நான் என்ன பண்றது வெர்னெல்? யாரு உக்காந்திருப்பா?”

பொய்யே பேசிப் பழகிய வாய். இதை மட்டும் உண்மையாகச் சொன்னான். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவன் பாடும்போது ஓரத்தில் நின்று கேட்டேன். பாவி, நல்லாத்தான் பாடுகிறான். பிறகு நான் போனேன். முதல் வரியிலேயே பெண்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

செப்டம்பர் 14, 2006, வியாழன்

காலையில் டெட்ராய்ட்டிலிருந்து கிளியோத்தாவின் போன். விவாகரத்தாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவனுக்கு வேறு மனைவி, பேரன் பேத்திகள். எப்போதாவது கூப்பிடுவான். இன்றைக்குக் குரலில் சூடு.

“இங்க ரேடியோவில ஒரு சின்னப் பொண்ணு வெர்னெல். உன் பாட்டைப் போட்டா. எங்க அம்மாவும் இதைப் பாடுவாங்க, நானும் பாடுவேன், மேடையில பாடற பொண்ணுங்க எல்லாம் இதைப் பாடித்தான் கத்துக்கறாங்கன்னு ஒரே புகழ்ச்சி.”

“நல்லதுதானே?”

“இரு. அப்புறம் என் பாட்டைப் போட்டு, ‘வெர்னெல் அம்மாவுக்கு ஒருத்தர் எசப்பாட்டு பாடியிருக்காரு, அதையும் கேளுங்க’ங்கறா. எசப்பாட்டாம்! முதல்ல பாடினது நான்.”

“போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே?”

“பண்ணினேன்.”

“என்ன சொன்னா?”

“கிளியோத்தா ப்ரூயிட் பேசறேன்னு சொன்னேன். ‘அடடா, வெர்னெல் அம்மா வீட்டுக்காரரா’ன்னு கேட்டா.”

சிரித்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“நீ என்ன சொன்னே?”

“ஆமான்னேன்.”

பிறகு அவன் முழங்கால் வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தோம்.