நாற்பது வீட்டுக்கும் ஒரே அளவு

10 மார்ச் 1952, சிங்கப்பூர்

அட்டவணை முடிந்தது. நியாலாஸ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாற்பது வீடு. ஆளுக்கு எவ்வளவு அரிசி சமைக்கிறார்கள் என்ற விவரம். நாளை பேராசிரியர் தம்புசாமியிடம் காட்ட வேண்டும். அவருடைய ஆராய்ச்சி நிதியிலிருந்து ஒரு வருடச் செலவு கொடுத்தால்தான் என் எம்.ஏ. தொடரும். இல்லையென்றால் பாச்சாங்கில் அப்பா பேசி வைத்திருக்கும் ஆபீஸ் வேலை. டைப்ரைட்டரும் நானும்.

11 மார்ச்

மானம் போயிற்று. ஒரு நிமிடம்தான் பார்த்தார். "கமலவேணி, நாப்பது வீட்டிலயும் ஒரே அளவு. ரேஷன் அளவு. இது சாப்பாடா, ரேஷன் கார்டா?"

அழுகை வந்தது. கோபமும், என் மேல்தான். "பணம் இல்லைன்னு சொல்லல. மே மாசத்துக்குள்ள நிஜத்தைக் கொண்டு வாங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மாணவியைக்கூட 'வாங்க' என்று சொல்லும் மனிதர். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

5 ஏப்ரல், தோட்டம்

பக்கத்து வீட்டு மீனம்மாக்காவிடம் கேட்டேவிட்டேன். "ஏன்க்கா என்கிட்ட பொய் சொன்னீங்க?" ரப்பர் பால்வாளியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"நோட்டைத் தூக்கிட்டு வந்து அரிசி எவ்வளவுன்னு கேட்ட. கேட்ல நிக்கிற போலீசும் அதைத்தானே கேக்குறான்? கூடச் சொன்னா கடத்தல்ம்பான். குறைச்சுச் சொன்னா, மிச்சம் காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்காரனுக்குப் போச்சும்பான். ரேஷன் அளவு சொன்னா வம்பு இல்லலா."

இந்த லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நான். எனக்கு இது தெரியாமல் போயிற்றே!

8 ஏப்ரல்

அரிசியைப் பற்றி இனி ஒரு வார்த்தை இல்லை. ஆறு மணிக்கு முள்வேலிக் கேட் திறந்ததும் அக்காவோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறேன். தின்ன எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். பத்து மணிக்குள் எத்தனை பேர் தலைசுற்றி மரத்தடியில் உட்கார்கிறார்கள் என்று மட்டும் குறிக்கிறேன். பெயர் எழுதக் கூடாது. அது அக்காவின் நிபந்தனை.

அவர் உட்காரவே இல்லை. முந்நூறு மரம்! நூறாவது மரத்திலேயே எனக்குக் கண் இருட்டிவிட்டது. என்ன பெண் இவர்!

19 ஏப்ரல்

பதினொரு நாள். எந்த நாளும் உட்கார்ந்தவர்கள் பத்துப் பேருக்குக் குறையவில்லை.

2 மே, சிங்கப்பூர்

விண்ணப்பக் கடிதம் ஒரே பக்கம். முதல் வரி: 'என் முதல் அட்டவணை பொய்.' பிறகு, ஏன் பொய்யானது. பதினொரு நாள் நான் பார்த்தது. வருடத்துக்கு என்னென்ன வேண்டும். அதில் ஒன்று, உதவியாளர் மீனம்மாவுக்குச் சம்பளம். அறைத் தோழி படித்துவிட்டு, "அதை எடுத்துடுலா, உனக்கே கிடைக்காது" என்றாள். எடுக்கவில்லை.

6 மே

பேராசிரியர் கொடுத்துவிட்டார்! நிதி போதாதென்று, தன் லண்டன் பயணத்தை ரத்து செய்து அந்தப் பணத்தையும் சேர்த்திருக்கிறார். அதுவும் ஆபீஸ் குமாஸ்தா சொல்லித்தான் தெரியும். நன்றி சொல்லப் போனால், "அந்தம்மா எப்ப வேலைக்குச் சேருவாங்க?" என்கிறார். இப்படி ஒருவரிடம் படிக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

2 ஜூன், தோட்டம்

அக்காவுக்கு இன்று முதல் நாள். வெட்டிய பாலை எடை போட்டுவிட்டு வந்தவர், என் நோட்டை வாங்கி மூடி வைத்தார்.

"இப்ப கேளு. எங்க வீட்ல அரிசி எவ்வளவுன்னு."

கேட்டேன். சொன்னார். ரேஷன் அளவு இல்லை. ஏன் என்றும் சொன்னார்.

எவ்வளவு, ஏன் — இரண்டையும் இந்த நாட்குறிப்பில்கூட எழுத மாட்டேன்.