அண்ணன் கப்பலுக்குக் கல் திறக்கறாங்க

கார்த்திகை 20, சனி
பனி. துவைச்ச துணி மத்தியானம் வரைக்கும் காயல. பிரஷர் மாத்திரை தீரப்போகுது, மகன் சுப்புகிட்டச் சொல்லணும்.

நேவியில ரிட்டையர் ஆன ரெண்டு பேர் வந்தாங்க. எழுபத்தொண்ணு சண்டையில டையூ கடல்ல முங்கின கப்பலுக்கு சிங்காநல்லூர்ல நெனவுக் கல் வெக்கறாங்களாம். செவ்வாக்கிழமை திறப்பு. நம்ம பக்கத்துல இருந்து அதுல போனவங்க பேரை வெட்டியிருக்கு. எங்க அண்ணன் பழனிச்சாமி பேரும். அப்பன் ஆத்தா இல்ல, அண்ணன் கல்யாணமும் பண்ணல. குத்துவிளக்கு நாந்தான் ஏத்தணுமாம்.

போட்டோ கேட்டாங்க. இருக்கறது ஒண்ணு. குடுக்கல. சுப்பு அதைப் போன்ல புடிச்சுக் குடுத்தான்.

"பாப்பாத்தி பெரியம்மாவையும் கூப்படலாமாம்மா?"ன்னான்.

"அவ வந்தா நான் வல்ல. நீயே வெளக்கு ஏத்திக்கோ."

கார்த்திகை 21, ஞாயிறு
தட்டப்பயறு கொழம்பு. உப்பு தூக்கல். பாப்பாத்தி நெனப்புல கை தப்பிப் போச்சு.

பாப்பாத்தி எம்பட ஓரகத்தி, ஊட்டுக்காரரோட அண்ணன் சம்சாரம். அந்த வருசம் கார்த்திகையில சுப்புவுக்குக் காதுகுத்து வெச்சிருந்தோம். தாய்மாமன் மடியில உக்கார வெச்சுக் குத்தணும். அண்ணனுக்கு லீவு சரியாயிருச்சு. அந்நேரம் பாத்து அவ அப்பன் செத்தான். அது அவ பொறந்த ஊட்டுத் தீட்டு, எங்களுக்கென்ன? அழுது அழுது மாமியாளைக் கரைச்சு, விசேசத்தைத் தைக்குத் தள்ளிப் போட வெச்சா. அண்ணன் ஊருக்கு வல்ல. கப்பலோட போயிட்டான்.

அம்பத்துநாலு வருசம். அவ ஊட்டுத் தண்ணி குடிச்சதில்ல. சுப்புவுக்குக் காதும் குத்தல. வேற ஒருத்தன் மடி எதுக்கு? அவனுக்குத் தலை நரைச்சாச்சு, காது அப்படியேதான் இருக்குது.

கார்த்திகை 22, திங்கள்
வெயில் நல்லா அடிச்சுது. காரமடையில இருந்து ஒரு பெரியவர் வந்தார், குழந்தைவேலு. அண்ணன்கூட அதே கப்பல்ல வேலை. நாளைக்குக் கூட்டத்துல சொல்ல முடியாதுன்னு இன்னிக்கே வந்துட்டாராம்.

"அந்த லீவுல ஊருக்கு வந்தது நாந்தானுங்க அம்மணி. உங்கண்ணன் குடுத்தாருங்க. 'உனக்குக் கொழந்தை பொறந்திருக்குது, நீ போ, நான் தையில போய்க்கறேன்'னாரு. சண்டைன்னு தந்தி வந்து நான் பம்பாய் போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் கெளம்பிருச்சுங்க."

"விசேசம் தள்ளிப் போச்சுன்னுதானுங்களே குடுத்தாரு?"

"இல்லீங்க. விசேசம் இல்லாட்டி என்ன, மருமவனைப் பாத்துட்டு வாரேன்னு பொட்டி கட்டிப்போட்டாருங்க. அப்பறம் உங்க தபால் கார்டு வந்துச்சு. படிச்சுட்டுச் சிரிச்சாரு. 'தங்கச்சி கௌரவம் பாக்கறா'ன்னாரு."

கார்டு. நாலாங்கிளாஸ் படிச்ச கையால நான் எழுதுனது. இப்ப வெறுங்கையோட வராதண்ணா. தையில சீரோட வா. பாப்பாத்தி முன்னால என்னைத் தலை குனிய வெச்சறாதே.

ஒரு எழுத்து மறக்கல. இத்தனை வருசம் மனசுல இருந்து எடுத்துப் பாக்கல, அவ்வளவுதான்.

அவர் ரெண்டு கையும் கூப்பி, மன்னிச்சிருங்கன்னார். என்கிட்ட. கையைப் புடிச்சு உக்கார வெச்சேன்.

கார்த்திகை 23, செவ்வாய்
கறுப்புக் கல்லு. மாலை. கொடி. ஒவ்வொரு பேராப் படிச்சு, பேருக்கு ஒருக்கா மணி அடிச்சாங்க. நம்ம பக்கத்துப் பேரோட நிறுத்தல. பஞ்சாபு, கேரளா, வங்காளம், அந்தக் கப்பலோட போன அத்தனை பேரும்.

பின்னால ஒருத்தன், "வெயில் ஏறுதுங்க, வெரசாப் படிச்சா ஆகாதுங்களா?"

குழந்தைவேலு திரும்பினார். "அவிய கடலுக்குள்ள கெடக்கறாங்க. நீ செத்த நேரம் வெயில்ல நில்லு."

அண்ணன் பேருக்கு சல்யூட் அடிச்ச கையை அவர் எறக்கவே இல்ல. அடுத்த பேர், அதுக்கடுத்த பேர், கை அங்கேயே. கீழ என்ஜின் ரூம்ல இருந்தவங்க ஒருத்தரும் மேல வல்லியாம். அண்ணனுக்கு அங்கதான் வேலை.

வெளக்கு ஏத்தினேன். மைக்கைக் குடுத்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. எனக்குப் பேச வராதுங்கன்னு திருப்பிக் குடுத்துட்டேன். சுப்பு என்னையே பாத்துட்டு நின்னான். எனக்காவது, பேச வராதாவது.

கார்த்திகை 24, புதன்
யாருகிட்டயும் சொல்லல. ஒத்தையில பஸ் ஏறி சரவணம்பட்டி. அங்க மகன் ஊட்டுல இருக்கறா பாப்பாத்தி. மூணாவது மாடி. கட்டிலோட கெடக்கறா. கண்ணு சரியாத் தெரியல.

"யாருங்க அது?"

"நாந்தானுங்கக்கா. ருக்குமணி."

கார்டு விசயத்தைச் சொன்னேன். நிறுத்தாம, முழுசா.

"தெரியும். அதைத் தபால்பொட்டியில போட்டது ஆரு? எழுத்துக் கூட்டிப் படிச்சுப்போட்டுத்தான் போட்டேன்."

"அப்பறம் ஏனுங்கக்கா சொல்லல? ஊரைக் கூட்டி வெச்சு உங்க மேல மண்ணை வாரித் தூத்துனனே?"

"நீ பொணமாட்டம் கெடந்த. சொல்லியிருந்தா கெணத்துல உழுந்திருப்ப. அதை உடு." மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிட்டா. "எங்கப்பன் செத்ததுக்கு நீ இன்னும் துக்கம் கேக்க வல்ல அம்மணி."

நெசம். போகல.

செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்து, கட்டில் ஓரமாத் தரையில உக்காந்தேன். "அப்பாவுக்கு என்னாச்சுங்கக்கா?"

காச்சல் வந்த மொத நாள்ல இருந்து சொல்ல ஆரம்பிச்சா.