குட்டியின் லாரி

என்னங்க,

நலம்தானே? உங்கள் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பழைய ரிமோட் பொம்மை லாரிகளைப் புதுப்பிக்கும் எங்கள் பட்டறையில் நேற்று ஒரு வேடிக்கை. வேகம் கூட்ட நான் மாற்றிய புது பேட்டரி, சார்ஜில் இருந்தபோதே தலையணைபோல உப்பி, குப்பென்று பற்றிக்கொண்டது. முதலாளி மணலைக் கொட்டி அணைத்துவிட்டு, "பொம்மைக்குப் போயி பயந்துட்டியே!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். புருவம் மட்டும் கொஞ்சம் கருகியது.

நம் குட்டிக்கு நான் அனுப்பிய லாரியிலும் அதே பேட்டரிதான். அதைக் கழற்றச் சொல்லிப் போனில் சொன்னதற்கு, "சரிம்மா, பாத்துக்கறேன்" என்றீர்கள். உங்கள் 'சரிம்மா' எனக்குத் தெரியாதா? உடனே கழற்றி, மணல் வாளியில் போட்டு வெளியே வையுங்கள். வைத்ததும் போட்டோ அனுப்புங்கள். அம்மா செய்த லாரி என்று அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள் என்றீர்களே, இனி என் பழைய புடவையைக் கொடுங்கள்.

நிறுத்துகிறேன். அடுத்த பேட்டரியைச் சார்ஜில் போடச் சொல்லி முதலாளி கூப்பிடுகிறார்.