உனக்கு நான் போட்ட மதிப்பெண்

நீ ஏன் எப்போதும் உனக்குக் குறைத்தே போட்டுக்கொண்டாய்? 

என் மேசையில், என் ஆய்வுக்காக ஏற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள் கிடக்கின்றன. 'என்னவாக விரும்புகிறாய்?' என்ற இடத்தில் பையன்கள் பேனாவால் விமானி, கலெக்டர் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண் பென்சிலால் 'டாக்டர்' என்று எழுதி, அதை அழித்து, மேலேயே 'நர்ஸ்' என்று எழுதியிருக்கிறாள். ஒரு கட்டுத் தாளை வைத்துக்கொண்டு உலகத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று என் மாணவர்களிடம் சொல்பவள் நான். ஆனாலும் அந்த அழித்த இடத்தைப் பார்த்ததும் நீ வந்துவிட்டாய்.

பத்தாம் வகுப்பில் நம் கணக்கு வாத்தியாருக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடைத்தாளைக் கொடுக்கும் முன், எவ்வளவு வரும் என்று நாமே அதன் மேல் எழுத வேண்டும். நம் வகுப்புச் சேவியர் தொண்ணூறு என்று எழுதி ஐம்பது வாங்குவான். "வாத்தியாரு திருத்துனது செரியில்லடா" என்று சிரிப்பான். நீ நாற்பது என்று எழுதித் தொண்ணூறு வாங்குவாய். "ஏதோ தப்பிச்சேன் புள்ள" என்பாய். நானும் அப்படித்தான். ஒருநாள் தாள்களை மாற்றிக்கொண்டோம். உனக்கு நான் தொண்ணூற்றிரண்டு போட்டேன். எனக்கு நீ எண்பத்தைந்து. இரண்டும் ஏறக்குறைய அப்படியே வந்தன.

பிறகு ப்ளஸ் ஒன் விண்ணப்பம் வந்தது. நாகலூர் பஸ்ஸில் வருகிற பெண் ஒருத்தியும் கணக்கு உள்ள முதல் குரூப்பைக் கேட்டதில்லை.

"எனக்கு அதெல்லாம் நொம்ப அதிகம் புள்ள. டைப்பு படிச்சாப் போதும்," என்றாய்.

"உன் ஃபாரத்தக் குடுடி. அத நான் எழுதறேன். என்னோடத நீ எழுது."

பஸ் வருவதற்குள், மழைக்கு ஒதுங்கி நின்றபடி, இரண்டு தாளிலும் முதல் குரூப் என்று எழுதிவிட்டோம்.

நீ பாலம் கட்டும் பொறியாளரானாய். போன வருடம் இறந்துவிட்டாய். ஒரு வேலை என்னால் முடியுமா என்று இப்போதும் தயங்கும்போது, எனக்கு நான் எவ்வளவு போடுவேன் என்று பார்ப்பதில்லை. நீ எவ்வளவு போட்டிருப்பாய் என்றுதான் யோசிக்கிறேன்.

விண்ணப்பம் எழுதிய மறுநாள் நடந்தது இதுதான். பள்ளி அலுவலக ஜன்னலில் கிளார்க் உன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் கண்ணு, கணக்கு குரூப்பா? பசங்களே திணறுறானுங்க. யோசிச்சுத்தான் எழுதுனியா?"

நீ என்னைப் பார்த்தாய். 

"நான் எழுதலீங்க," என்றாய். "இவ எழுதுனா. இவ போட்டாச் செரியா இருக்குமுங்க."

அவர் முத்திரையைக் குத்தினார்.