வெந்நீருக்குத் தனி விலை

ஏப்ரல் 9, செவ்வாய்

கிடங்கில் இருந்த கடைசி வெங்காயத்தை இன்று தள்ளிவிட்டேன். பிப்ரவரியில் எல்லோரும் பயந்துபோய் விற்றார்கள். நான் கிடங்கைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அதே ஆட்கள் என் வாசலில் லாரியோடு வந்து நிற்கிறார்கள். எங்கள் ஊர் மாகோவில் வெங்காயம் போட எல்லோருக்கும் தெரியும். போட்டதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியாது. கையில் ஒரு கூடையோடு ஆரம்பித்த எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

சாப்பிடும்போது என் மனைவி பிரோஷ்கா ஒன்று கேட்டாள். செப்டம்பரில் மார்பில் அறுவை நடந்த பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம்.

"ஜூன்ல கடல் பக்கம் போறோம்ல. இந்தத் தடவை ஹோட்டல் வேண்டாம் டெஜோ. தனி வீடு. குளத்தோட. யாரும் எட்டிப் பார்க்காத மாதிரி."

"பார்த்துடலாம்" என்றேன். வேறென்ன சொல்வேன்? அவள் வைரம் கேட்டிருந்தாலும் இன்று அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவளுடைய குளியல் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. முன்பெல்லாம் வியாழக்கிழமையானால் அந்த ஆணி காலியாக இருக்கும். ஊர் வெந்நீர்க் குளத்துக்குக் கிளம்பிவிடுவாள். தண்ணீரில் இறங்கலாம் என்று டாக்டர் ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். பை மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

வீடு கிடைத்துவிட்டது. குரோஷியாவில், இஸ்ட்ரியாவின் மேட்டுப் பக்கம். சுற்றிலும் ஆலிவ் மரம், உயரமான கல் மதில். வீட்டின் சொந்தக்காரி பெயர் நெவென்கா. அவளுடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் சேர்ந்தால் ஒரு முழு ஜெர்மன் தேறும். வாடகையில் கொஞ்சம் குறைத்தாள். நல்ல ஆள்.

ஆனால் கடிதத்தின் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாள். குளத்துத் தண்ணீரைச் சூடாக்க வேண்டுமென்றால் தனிக் காசு. அதையும் வருவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டுமாம்.

நடு ஜூனில்! அட்ரியாட்டிக் கரையில்! சூரியன் என்ன சம்பளம் கேட்கிறதா? அவள் கேட்கிற தொகைக்கு எங்கள் ஊர் வெந்நீர்க் குளத்தில் நான்கு பேர் கோடை முழுக்க ஊறலாம்.

பிரோஷ்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "நீயே பாரு" என்றாள். நான் பார்க்கத்தான் போகிறேன். முதலில் சொன்ன விலைக்கு நான் எதையும் வாங்கியதில்லை.

மே 4, சனி

சந்தையில் மான்ட்சி பிடித்துக்கொண்டாள். பிரோஷ்காவின் வியாழக்கிழமைக் கூட்டாளி. முட்டைக்கோஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க மேல அவளுக்கு என்ன கோபம் டெஜோ? குளத்துல தூண் பக்கத்துல அவ நிக்கிற இடத்தை நாங்க யாருக்கும் விடல தெரியுமா? போன வாரம் செகெட்லருந்து ஒரு தடிமாடு வந்து நின்னான். மூணு பேரா சேர்ந்து இடிச்சே வெளியேத்திட்டோம்."

கோபமில்லை என்றேன். "அப்ப என்ன?" என்றாள். வெங்காய விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து நழுவிவிட்டேன்.

வந்து பிரோஷ்காவிடம் சொன்னேன். தடிமாட்டை இடித்த கதைக்குச் சிரித்தாள். அப்புறம் தட்டைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அங்க உடுப்பு மாத்துற அறையில கதவு கிடையாது, தெரியும்ல. எல்லாரும் ஒண்ணாத்தான் மாத்துவோம். அவங்க முன்னாடி மாத்தணும்னா, அதுக்கு முன்னாடி ஒருத்தர் முன்னாடியாவது மாத்திப் பார்க்கணும். உன் முன்னாடி. கட்டில்ல இல்ல. விளக்கைப் போட்டுட்டு என்னைக் கண்காட்சி மாதிரி நிக்கச் சொல்லாதே. தண்ணியில. தண்ணியிலன்னா என்னால முடியும்னு தோணுது."

அதற்குத்தான் அந்த வீடு.

எட்டு மாதமாக நான் பார்க்கவில்லை. அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றுகிறாள். நானும் வராந்தாவில் செருப்புச் சத்தத்தைக் கொஞ்சம் பலமாகவே போட்டுக்கொண்டு நடக்கிறேன், நான் வருவது அவளுக்குத் தெரியட்டும் என்று. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஜூன் 5, புதன்

நெவென்காவுக்குப் பாதி விலை தருகிறேன் என்று எழுதினேன். பதில் வந்தது: "விலை அதேதான். ஆனால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு சொன்னால் உங்கள் காசுதான் வீண்."

சிரிப்பு வந்தது. "இன்றைக்குச் சொன்னால்தான் இந்த விலை" — இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நேரில் போய் நிற்கும்போது, சூடாக்குகிற மெஷின் சும்மா கிடக்கும்போது, தானாக இறங்கி வருவாள். என் பெட்டியில் இரண்டு சரம் மாகோ வெங்காயமும் இருக்கும்.

சாயங்காலம் புடாபெஸ்டிலிருந்து மகள் எமெஷேயின் போன்.

"அப்பா, தண்ணியைச் சூடு பண்ணச் சொல்லிட்டியா?"

"சொல்லலாம். அவசரமில்ல."

"அவசரமில்லையா? அம்மா தோள் இன்னும் முழுசா மேலே போகல. ஜில் தண்ணியில இறுகிப்போயிடும்."

"ஜூன்ல ஏதுடி ஜில் தண்ணி?"

"அப்பா, இது வெங்காயம் இல்ல."

வைத்துவிட்டாள். என் காசில் படித்த வாய்.

ஜூன் 8, சனி

சொல்லவில்லை. வெயில் கொளுத்துகிறது. வரும் வாரம் முழுக்க இப்படித்தான் என்று வானொலியில் சொன்னார்கள். மாகோவுக்குச் சொன்னார்கள். அங்கேயும் இதே சூரியன்தானே.

ஜூன் 15, சனி

வந்து சேர்ந்தோம். டிக்கியில் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சி ஒரு பாத்திரம், சலாமி, உருளைக்கிழங்கு, நம்முடைய மிளகாய்த்தூள், ஊறுகாய் ஜாடி. எல்லை தாண்டியதும் பிரோஷ்கா, "இந்த நாட்டுல ரொட்டியாவது விப்பாங்களா கிழவா?" என்றாள். நல்ல மனநிலையில்தான் இருந்தாள். கழுத்துவரை மூடிய புது நீச்சல் உடுப்பு ஒன்று வாங்கியிருந்தாள். குளியல் பை மாகோவில் ஆணியிலேயே இருக்கிறது. உடுப்பைக் காய்கறிப் பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள்.

இங்கே ஒரு வாரமாக மழையாம்.

குளம் கண்ணாடி மாதிரி இருந்தது. பிரோஷ்கா மண்டியிட்டுக் கையை முழங்கைவரை விட்டாள். வெளியே எடுத்தாள். பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அழகா இருக்கு" என்றாள். உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, இறங்கிவிடலாம் என்று காட்டுவதற்காக நானே உடுப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தேன். மூச்சு நின்றுவிட்டது. என் வாயிலிருந்து வந்தது மனிதக் குரல் இல்லை. தொற்றிக்கொண்டு ஏறும்போது, இன்னொரு சாவி கொடுக்க வந்த நெவென்கா மதில் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். துண்டை எடுத்து நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல வியாபாரி அந்த இடத்தில் பேசமாட்டான்.

ஜூன் 16, ஞாயிறு

காலையிலேயே நெவென்காவின் வீட்டுக்குப் போனேன். வெங்காயச் சரங்களைக் கொடுத்தேன். அவள் கேட்ட முழுக் காசையும் மேஜைமேல் வைத்தேன்.

"இன்னைக்குப் போட்டா வியாழக்கிழமை வாக்குலதான் இதமா வரும்" என்றாள். "அவ்வளவு தண்ணி. அது மெதுவாத்தான் ஏறும். அதுக்குத்தான் முன்கூட்டியே சொல்லுங்கன்னு எழுதினேன்."

"ரெண்டு மடங்கு தர்றேன். நாளைக்கே வேணும்."

சிரித்துவிட்டாள். "ஐயா, நீங்க ரெண்டு மடங்கு குடுத்தா மெஷினும் ரெண்டு மடங்கு ஓடுமா? காசைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போனாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். உங்களுக்கு மிஞ்சப்போறது ஒண்ணு ரெண்டு நாள்தான்."

அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. உண்மையைத்தான் எழுதியிருந்தாள். அதைப் பொய் என்று நினைத்தது, அந்த இடத்தில் நானாக இருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன் என்பதால்.

"போடுங்க" என்றேன். கிளம்பும்போது சொன்னாள்: "குளத்து மேல போடுற மூடியை மட்டும் எடுத்துடாதீங்க."

பிரோஷ்காவிடம் சொன்னேன். "ம்" என்றாள். முழு விலையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 17, திங்கள்

மூடிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஜில்லென்று கிணற்றுத் தண்ணீர்.

ஜூன் 18, செவ்வாய்

என்னை எதால் அடிப்பது?

மத்தியானம் நல்ல வெயில். இவ்வளவு வெயில் வீணாகிறதே என்று மனசு கேட்கவில்லை. இலவசமாக வருவதை எதற்கு மூடிவைக்க வேண்டும்? மூடியைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு நிழலில் படுத்தேன். கண் அசந்துவிட்டது.

எழுந்தபோது மலைப் பக்கமிருந்து காற்று. புரா என்கிறார்கள் இங்கே. ஆலிவ் இலையெல்லாம் வெள்ளையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. குளத்தில் அலை அடிக்கிறது, குளத்தில்! இரண்டு நாளாக ஏறிய சூட்டை அது வழித்துக்கொண்டு போயிருந்தது. மூடியை இழுத்தேன். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் பறக்கிறது. என்னையே தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருந்தது.

பிரோஷ்கா வீட்டு உடுப்போடு ஓடிவந்தாள். மறுமுனையைப் பிடித்தாள்.

"விடு, உனக்குத் தோள் —"

"தோளை நான் பார்த்துக்கிறேன். நீ உன் பக்கத்தை இழு! வெங்காயக் குவியல்னு நினைச்சியா, காத்தாடட்டும்னு திறந்து போட?"

சிரித்தாள். வாய்விட்டு. நான் புல்லில் விழுந்தபோது இன்னும் அதிகமாகச் சிரித்தாள். சேர்ந்து மூடிவிட்டு ஓரங்களில் கல்லை வைத்தோம்.

உள்ளே வந்து தோளைத் தேய்த்துக்கொண்டாள். வலிக்கிறதா என்றேன். "கை மேலே போச்சு பார்த்தியா?" என்றாள். பார்த்தேன். காதுக்கு மேலே போயிருந்தது.

ஜூன் 20, வியாழன்

கையை விட்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "இன்னும் இல்ல."

 பகல் முழுக்க மூடிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். திருடன் வருவான் என்பதுபோல.

ஜூன் 21, வெள்ளி

காலையில் மூடியை எடுத்ததும் தண்ணீரிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது. பிரோஷ்கா வந்து கையை விட்டாள். எடுக்கவில்லை.

நான் வீட்டுக்குள் போகத் திரும்பினேன். அவளுக்குத் தனிமை வேண்டும் என்று நினைத்தேன். அல்லது பயந்தேன் — எழுதும்போதாவது உண்மையை எழுதலாம் — பயந்தேன். அவளைப் பார்க்க இல்லை. பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்குமோ என்று. முகத்தில் ஒன்றும் காட்டாமலிருப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் இவளுக்குத் தெரிந்துவிடும்.

"எங்க போறே? உன் முன்னாடின்னு சொன்னேன்ல. முதல்ல நீ இறங்கு. அன்னைக்கு மாதிரி கத்தக் கூடாது."

இறங்கினேன். அவள் படிக்கட்டில் நின்று மேலுடுப்பைக் கழற்றினாள். அந்தக் கழுத்துவரை மூடிய புது உடுப்பு உள்ளே இல்லை. எதுவுமே இல்லை. படியில் ஒரு நிமிடம் நின்றாள், நான் பார்க்கட்டும் என்று. பார்த்தேன். ஒரு பக்கம் எப்போதும்போல. மறுபக்கம் சப்பையாக, அக்குள்வரை ஓடும் ஒரு கோடு, வெளிறிய ரோஜா நிறம். நல்ல தையல்காரர்தான் போட்டிருக்கிறார்.

"என்ன?" என்றாள்.

"தண்ணி ஆறிடும். இறங்கு" என்றேன்.

வேறொன்றும் வரவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன். இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

நீந்தவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வெந்நீரில் நீந்துவதில்லையே. கழுத்துவரை நின்று பேசினோம். பக்கத்து வீட்டு வேலி, எமெஷேயின் புருஷன் ஏன் இன்னும் வேலை மாறிக்கொண்டே இருக்கிறான், மான்ட்சியின் குரல் ஏன் அப்படி. குளிர்ந்த தண்ணீரில் மனுஷன் குதித்துவிட்டு ஓடிவிடுகிறான். இதமான தண்ணீரில்தான் நிற்கிறான். இது தெரியாமலா எங்கள் ஊரில் அறுபது வருஷம் இருந்தேன்? விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. சாப்பிட ஏறினோம், திரும்ப இறங்கினோம்.

சாயங்காலம் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏழு நாளும் இப்படி இருந்திருக்கலாம், கிழவா."

"ஆமா" என்றேன்.

ஜூன் 22, சனி

சாவியைக் கொடுத்தோம். நெவென்கா ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தாள். அடுத்த ஜூனுக்கு அதே வாரத்தைச் சொல்லிவைத்தேன். "தண்ணியைப் பத்தி எப்ப முடிவு சொல்வீங்க?" என்றாள். இப்போதே சொல்லிவிட்டேன் என்றேன்.

ஜூலை 4, வியாழன்

புது வெங்காயம் வர ஆரம்பித்துவிட்டது. விலை அடிமட்டம். கிடங்கைக் கழுவிக் காயவைத்தாயிற்று. வாங்கிப் பூட்டிவைக்கலாம்.

மத்தியானம் சாப்பிட வந்தேன். அடுப்பில் சூப் இல்லை. வீட்டில் யாருமில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் கதவைச் சாத்தும்போது பார்த்தேன். ஆணி காலியாக இருந்தது.

இரண்டு வெங்காயம் நறுக்கி, முட்டை ஊற்றிச் சாப்பிட்டேன். அவள் எப்போது வருவாளோ தெரியாது. போன் பண்ணிக் கேட்கவில்லை.