கதவைச் சாத்திய பகல்

"அப்பா, உள்ள போயி கதவைச் சாத்துங்க. சாத்தினாத்தான் தெரியும்" என்றாள் நம் மகள் செல்வி. பேத்தியின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூரையில் ஏதோ நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கிறாளாம். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வெறும் வெளுத்த காகிதம்போல இருந்தன.

நான் சாத்தவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தபடியே நின்றேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கேக்குக்காரனிடம் பேசிக்கொண்டே போய்விட்டாள். நாளைக்குப் பேத்திக்கு நாலு வயது முடிகிறது. செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பரீட்சைத் தாளைத் திருத்திவிட்டு, அதன் பிறகு பலூனும் கலர்த் தாளுமாக வீட்டையே கடையாக்கி வைத்திருக்கிறாள். நீ பார்த்தால் சிரிப்பாய்.

உனக்குத்தான் எழுதுகிறேன். நம் இரண்டு பேருக்குமே அப்போது எழுத்து தெரியாது. இப்போது எனக்குத் தெரியும்! வத்தலக்குண்டு வந்த பிறகு நூலகத்து மாடியில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகிறது. ஆறினால் என்ன, எழுதின வரி அப்படியே இருக்கிறதே. "இந்த வயசுல இது ஒரு வெளையாட்டாக்கும்" என்று நீ கேட்டிருப்பாய். கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, உன் பெயரை எழுதச் சொல்லியிருப்பாய்.

கூக்காலுக்கு மேலே காட்டுக்குள் நாம் இருந்த அந்த அறையை நினைத்துக்கொண்டேன். மரத்தின் மேல்தோலோடு அறுத்த பலகைகளை நட்டு, மண் பூசி, மேலே தகரம் போட்ட ஒற்றை அறை. இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்தவர்களுக்குக் கிடைத்தது அதுதான். தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கிற சோலி. புருசன், பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்கு வந்தால்தான் அந்த அறை. ஒருவர் நின்றால் இரண்டு பேரும் வெளியே. வெளியே என்றால் எங்கே? ஊரும் இல்லை, உறவும் இல்லை. பஸ்ஸே வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் வந்தது. சுற்றிலும் மரம், மரத்தைச் சுற்றிலும் மேகம்.

மரம் சாய்க்கிற இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. வெளியே விட்டுப் போனால் காட்டுமாடு வரும். அதனால் விடியும் முன்னே மூன்று வயதுச் செல்வியை எழுப்பி, கஞ்சி கொடுத்து, அவளுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் அவித்த கிழங்கு வைத்து, விளக்கை ஊதி அணைத்துவிட்டு நீ வெளியே வருவாய். கதவை இழுத்துச் சங்கிலியை மாட்டி, அதில் ஒரு மரக்குச்சியைச் செருகுவாய். அப்புறம் கதவில் வாயை வைத்துச் சொல்வாய்: "அழுவக் கூடாது. மாடு வரும், வெளிய வரக் கூடாது. அம்மா வெரசா வந்துருவேன்."

முதலில் சில நாள் கத்தினாள். மேட்டில் ஏறும்வரைக்கும் நமக்குக் கேட்கும். நீ காதைப் பொத்திக்கொண்டு நடப்பாய். பிறகு கத்துவதை நிறுத்தினாள். நல்லது, பழகிவிட்டாள் என்று நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று. வாய் ஓயாத பிள்ளை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். "அம்மான்னு சொல்லு" என்று நீ கெஞ்சுவாய். அவள் உன் தாலிக்கயிற்றைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பாள்.

ஒரு ராத்திரி நீ எழுந்து உட்கார்ந்தாய். "இங்கேருங்க, தோட்டத்துல பிள்ளை மடுவம் இருந்திச்சே, ஞாபகம் இருக்கா? கொழுந்தெடுக்கப் போறவங்க பிள்ளைகள விட்டுட்டுப் போவாங்களே. செவுத்துல கிளி, யானையெல்லாம் வரைஞ்சிருக்கும். பிள்ளைக அழாம கெடக்கும்ல."

"அங்க ஆயா ஒருத்தி இருந்தா. கிளியா பிள்ளையப் பாத்துக்கிச்சு?"

"ஆயாவுக்கு நான் எங்க போவேன்? கிளிக்காவது போகலாம்ல" என்றாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கொடைக்கானல் சந்தைக்குப் போனோம். பஜாரில் ஃபேன்சி கடை வைத்திருந்த பாயிடம் பழைய காலண்டர் கேட்டேன். "காலண்டர் பழசானா தேதிதான் போகும், படம் போகாது. எடுத்துக்கங்க" என்று ஒரு கட்டு கொடுத்தார். கிளி இருந்தது, மயில் இருந்தது, தண்ணீர்த் தொட்டியில் ஒரு குண்டுக் குழந்தை இருந்தது. நீ மைதா மாவில் பசை காய்ச்சினாய். விளக்கு வெளிச்சத்தில் ஒட்டினோம். அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் மயிலை ஒட்டச் சொன்னாய். ஒட்டி முடித்ததும் தூரத்தில் நின்று பார்த்து, "பங்களாக் காம்பரா கணக்கா இருக்கு" என்றாய். அறையைத் தோட்டத்துப் பேச்சில் காம்பரா என்றுதான் சொல்வாய். உண்மையாகவே அழகாக இருந்தது. வேலைக்குப் போய் வந்து விளக்கை ஏற்றும்போதெல்லாம் அந்தச் சுவர்தான் முதலில் என் கண்ணில் படும். உடம்பு வலி கொஞ்சம் குறையும்.

அன்றிலிருந்து கதவுக்குச் சொல்கிற பேச்சில் ஒரு வார்த்தை கூடியது. "படத்தப் பாத்துக்கிட்டு இரு." அப்படியும் அவள் பேசவில்லை.

பிறந்த நாள் யோசனை வந்தது இன்னொரு சந்தை நாளில். ஏரிக்கு மேலே ஒரு பங்களா வேலியோரம் நடந்து வரும்போது, உள்ளே பிள்ளைகள் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஓடினார்கள். மரத்துக்கு மரம் பலூன். என் தோளில் இருந்த செல்வி கையை நீட்டினாள். அத்தனை நாளில் அவளாக எதையும் காட்டியதில்லை. நீ அந்த விரலைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, "நம்ம பிள்ளைக்கும் இது செய்யணுங்க" என்றாய். அதோடு சரி.

இதையெல்லாம் பேச வேலை நேரத்தை விட்டால் வேறு நேரம் ஏது நமக்கு? சாய்த்த மரத்துக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். பட்டையை உரித்துக்கொண்டேதான் எல்லாம் முடிவானது.

"எந்த நாளு பொறந்தான்னு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"மழ பெஞ்ச நாளு."

"இங்க எல்லா நாளும் மழ பெஞ்ச நாளுதான்."

"அப்ப எந்த நாளுன்னாலும் சரிதான. வர்ற ஞாயித்துக்கெழம வைங்க."

"கேக்கு?"

"பன்னு வாங்கி அடுக்கி, மேல ஒரு மெழுகுத்திரி நட்டுட்டா அது கேக்குதான்."

மேஸ்திரி கீழேயிருந்து சத்தம் போட்டார். "ஏலே, பட்டை உரிக்கிறீங்களா, பந்தல் போடுறீங்களா?"

"பிள்ளைக்குப் பொறந்த நாளு மேஸ்திரி" என்றாய் நீ.

"பொறந்த நாளா? நீ என்ன பங்களா தொரைசானியா? வெரசா கைய ஓட்டு. லாரி வந்துரும்."

நீ குனிந்துகொண்டு, "தொரைசானிதான்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாய்.

பலூன் வாங்க நான்தான் போனேன். "ஊதித் தாங்க பாய்" என்றேன். "ஊதித் தந்தா பஸ்ஸுல அதுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும். உங்களுக்கு வாய் இல்லையா?" என்று கேட்டுச் சிரித்தார். கலர்த் தாளும் கொடுத்தார். பக்கத்து அறை ராக்கம்மா அக்காவையும் அவள் இரண்டு பையன்களையும் நீ அழைத்தாய். அவர்களும் நம்மைப்போலக் கப்பலில் வந்தவர்கள். அந்தப் பையன்களும் பகலெல்லாம் சங்கிலிக்குள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேகம் விலகி நல்ல வெயில். சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா வருவதாகப் பேச்சு. திறந்த கதவு வழியாக வெளிச்சம் உள்ளே விழுந்து மயில் பளபளத்தது. நான் பெட்டி மேல் ஏறித் தோரணத்தைக் கட்டினேன், நீ மறுமுனையைப் பிடித்தாய். செல்வி வாசலில் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து நம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள். கதவை இழுத்தாள். சங்கிலிச் சத்தம் கேட்டது. குச்சி செருகுகிற சத்தமும் கேட்டது.

நாம் சிரித்தோம். "பாருங்களேன், நம்மளயே பூட்டுறா" என்றாய். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. "எங்கங்க படமெல்லாம்?" என்று கேட்டாய்.

எதுவும் தெரியவில்லை. மயில் இல்லை, கிளி இல்லை, உன் முகமே இல்லை. கண் பழகட்டும் என்று நின்றேன். பழகவில்லை. எப்படிப் பழகும்? அந்த அறைக்கு ஜன்னல் என்று ஒன்று இல்லை. குளிர்காற்று பிள்ளை மேல் படக் கூடாது என்று ஒவ்வொரு இடுக்காகச் சாக்கும் மண்ணும் வைத்து அடைத்தவன் நான்தானே. இருட்டோடு போய் இருட்டோடு வந்தோம். நாம் உள்ளே இருந்தால் விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்கும். சாத்திய பகல் எப்படி இருக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நீ சுவரைத் தடவுகிற சத்தம் கேட்டது. காகிதம் சரசரத்தது. அப்போது வெளியேயிருந்து ஒரு குரல்.

"அழுவக் கூடாது. மாடு வரும், வெளிய வரக் கூடாது."

செல்வி! எத்தனை நாளுக்கப்புறம்! எழுத்து எழுத்தாக உன் பேச்சு, உன் இழுவை. நான் சந்தோஷத்தில் கதவைத் தட்டப் போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். அப்புறம் கதவடியில் உட்கார்ந்து, "செல்வி, அம்மாவுக்கு இருட்டா இருக்குடி" என்றாய்.

"படத்தப் பாத்துக்கிட்டு இரு."

"படம் தெரியலடி."

வெளியே சங்கிலி ஒருமுறை குலுங்கியது. பிறகு, ரொம்ப மெதுவாக, "எனக்கும் தெரியல" என்றாள்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திறக்கச் சொன்னோம். அவள் குச்சியை இழுத்துப் பார்த்தாள், இறுகிப்போயிருந்தது. "வரல" என்று அழ ஆரம்பித்தாள். பிள்ளை வெளியே, நாம் உள்ளே, சுற்றிலும் காடு. கதவை உடைக்க முட்டினேன். காட்டுமாட்டுக்குப் பயந்து கட்டிய கதவு, அசையவில்லை. நீ கட்டிலடியில் கையை விட்டுத் துழாவிப் பட்டை உரிக்கிற கத்தியை எடுத்து என் கையில் திணித்தாய். "கதவு வேணாம். செவுத்த ஒடைங்க. தாழ ஒடைங்க."

மண்ணைக் கீறி, ஒரு பலகையை நெம்பினேன். கிளி இரண்டாகக் கிழிந்தது. பலகை சாய்ந்து வெளிச்சம் உள்ளே வந்தது. அந்தச் சந்தில் முதலில் தெரிந்தது செல்வியின் முகம். மூக்கு ஒழுகியபடி உள்ளே எட்டிப் பார்த்து, உன்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைக் கைகாட்டி, "மயிலு" என்றாள்.

ராக்கம்மா அக்கா வந்து சங்கிலியைத் திறந்தபோது நாம் மூன்று பேரும் மண்ணில் புரண்டவர்கள்போல இருந்தோம். "ஏண்டி, விருந்துக்குக் கூப்பிட்டுட்டு உள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டீகளா?" என்றாள். பன் அடுக்கினோம், மெழுகுத்திரி ஏற்றினோம். பலூன் ஊதி ஊதி எனக்குத் தாடை வலித்தது. செல்வி பேசினாள் பேசினாள், அவ்வளவு பேசினாள். நீ ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அந்த ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, அதற்குக் குறுக்கே இரண்டு கம்புகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாய்.

மறுநாள் விடியும் முன்னே நாம் வேலைக்குப் போனோம். நீ சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். அப்புறம் மாட்டினாய். வேறு என்ன செய்வது, வழி இருந்ததா? ஆனால் அன்றைக்கு ராக்கம்மா அக்காவும் தன் பையன்களைக் கொண்டுவந்து நம் அறையில் விட்டாள். இருட்டு இல்லாத அறை அது ஒன்றுதான். மேட்டில் ஏறும்போது மூன்று பிள்ளைகளின் சத்தமும் கேட்டது. நீ காதைப் பொத்தவில்லை. மேஸ்திரி ஓட்டையைப் பார்த்துவிட்டு, "எவம்ல செவுத்த ஒடச்சது?" என்று கத்தினார். "இது பிள்ளை மடுவம் மேஸ்திரி. மடுவத்துக்கு ஜன்னல் வேணும்ல?" என்றாய். அவர் பலகையைத் திரும்ப அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வேலை கிடைத்து நாம் மலையிறங்கும்வரைக்கும் சங்கிலி இருந்தது. ஜன்னலும் இருந்தது. தோப்பில் செல்வி மரத்துக்கு மரம் ஓடியதை நீ பார்த்தாய், அது போதும் எனக்கு. அவள் டீச்சரானதைப் பார்க்க நீ இருக்கவில்லை.

அவளுக்கு அந்த அறை ஞாபகமே இல்லை என்கிறாள். கேட்டுப் பார்த்தேன். ஆனால் நட்சத்திரம் வாங்கிய கதையை நேற்றுச் சொன்னாள். கடைக்காரன் பூப் படம், பொம்மைப் படம் எல்லாம் எடுத்துப் போட்டானாம். இவள் ஒவ்வொன்றையும் எடுத்து, "கதவச் சாத்தினா இது தெரியுமா?" என்று கேட்டாளாம். தெரியாது என்றதையெல்லாம் வேண்டாம் என்றுவிட்டாளாம்.

நானும் அப்படித்தான். எந்த வீட்டுக்குப் போனாலும், பிள்ளை படுக்கிற இடத்தை உட்கார்ந்து பார்ப்பேன், அதன் உயரத்திலிருந்து. ஜன்னல் எங்கே என்று கேட்பேன். கிழவனுக்கு என்ன வந்தது என்று சிரிப்பார்கள். கதவைச் சாத்திப் பார்க்க மட்டும் இதுவரை எனக்குத் துணிவு வந்ததில்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு, பேத்தியின் அறைக்குப் போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். பிடியை விட்டுவிட்டேன். ஜன்னல் திரை இழுத்திருந்ததால் முதலில் இருட்டு. அப்புறம் தலைக்கு மேலே ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, பச்சையாக, மெதுவாக. கட்டிலில் பேத்தி முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். "தெரியுதா தாத்தா?" என்றாள்.

அவளுக்குச் சொன்ன பதிலை உனக்கும் எழுதிவைக்கத்தான் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். தெரியுது புள்ள. எல்லாம் தெரியுது.